நோட்டீசில் ‘தேவதை நடனம்’ என்று போடாமல் வேறு என்ன போடலாம்? (பெல்லி டான்ஸ் பற்றி)

கடல்மல்லி, டொராண்டோ:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு வருஷமாக இங்கே பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்கிறேன். டீச்சர் எகிப்தில், அலெக்ஸாந்திரியாவில் பிறந்து வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். வரும் மே மாதம் மாணவிகள் எல்லோரும் மேடை ஏறுகிறோம். மண்டபம் தருகிற சமூக மையத்தில் நோட்டீசுக்கான வாசகத்தை அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “ஐயாயிரம் ஆண்டுப் பழமையான தேவதை நடனம். அந்தப்புரத்தின் ரகசியம். உங்களுக்குள் உறங்கும் பெண்மையை எழுப்புங்கள்.” பக்கத்தில் முகத்திரை போட்ட ஒரு பெண்ணின் கண்கள். பாட்டு, தாளம், ஊர் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

டீச்சர் அதைப் படித்துவிட்டு காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். “நீ எழுதுகிற பெண்தானே, மாற்றி எழுதிக் கொடு” என்றார். மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். எதை வேண்டாம் என்பது நன்றாகத் தெரிகிறது. எதை எழுதுவது என்பதில்தான் சிக்கிக்கொண்டேன்.

பரணி71, கோயம்புத்தூர்:

நோட்டீஸ் என்பது ஆள் சேர்ப்பதற்குத்தானே? தேவதை என்று போட்டால் நாலு பேர் கூடுதலாக வருவார்கள். வந்து உட்கார்ந்த பிறகு நல்ல ஆட்டத்தைப் பார்க்கட்டும். இதற்காக ஏன் மூன்று நாள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. இன்னொன்று, நான் பார்த்த வரைக்கும் அந்த ஆட்டமே கவர்ச்சிக்காக ஆடுவதுதான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடல்மல்லி:

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை அண்ணா. கவர்ச்சிக்காக ஆடுவது என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1893ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. ஆறே மாதத்தில் 2 கோடியே 70 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். அதன் கேளிக்கைப் பகுதியில் ‘கெய்ரோ தெரு’ என்று ஒன்றைக் கட்டி, எகிப்து, அல்ஜீரியா பக்கத்துப் பெண்களை ஆடவைத்தார்கள். அந்தப் பகுதியை நடத்தியவர் சால் புளூம். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுதான். பிற்பாடு அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினராகவும் ஆனார். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கனவே இந்த ஆட்டத்துக்கு ‘வயிற்று நடனம்’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 1889 பாரிஸ் கண்காட்சியிலும் ஒரு கெய்ரோ தெரு உண்டு. அந்தப் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கினால் என்ன ஆகும் என்று புளூமுக்கு நன்றாகத் தெரிந்தது. பெயரைக் கேட்டதுமே இது ஆபாசமாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள், அதுவே தனக்குத் தங்கச் சுரங்கம் ஆயிற்று என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். ஒழுக்கக் காவலரான ஆன்டனி காம்ஸ்டாக் வந்து பார்த்து, இதை மூடவேண்டும் என்று சத்தம் போட்டார். அதுவும் விளம்பரமாகவே முடிந்தது.

இனி நான் சொல்ல வந்தது. அந்தக் கண்காட்சியில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. ஆடிய பெண்கள் நீளப் பாவாடை, மேல்சட்டை, அதற்கு மேல் ஒரு குட்டை அங்கி போட்டிருக்கிறார்கள். வயிறு துணிக்குள்தான் இருக்கிறது! பார்க்க வந்த அமெரிக்கப் பெண்கள் இடுப்பை இறுக்கும் கச்சை கட்டியிருந்த காலம் அது. கச்சை இல்லாத ஒரு உடம்பு சுதந்திரமாக அசைவதே அவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. மூன்று வருஷம் கழித்து எடிசன் நிறுவனம் இப்படி ஒரு ஆட்டத்தைச் சின்னப் படமாக எடுத்தது. அதன் ஒரு பிரதியில் நடனக்காரியின் மார்பையும் இடுப்பையும் மறைத்து வெள்ளைக் கம்பி வேலி மாதிரி கோடு போட்டிருக்கிறார்கள்.

அரபியில் இந்த ஆட்டத்துக்கு ‘ரக்ஸ் ஷர்க்கி’ என்று பெயர், கிழக்கத்திய நடனம் என்று அர்த்தம். வீட்டிலும் கல்யாணத்திலும் ஆடுவது ‘ரக்ஸ் பலதி’, நம்ம ஊர் ஆட்டம் என்கிற மாதிரி. இரண்டு பெயரிலும் வயிறு இல்லை. பெயரை மாற்றி டிக்கெட் விற்றவர் ஒருவர். நூற்று முப்பது வருஷமாகப் பழி சுமப்பவர்கள் வேறு ஆட்கள். அதனால்தான் நோட்டீசில் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு யோசிக்கிறேன்.

நெய்தல், லண்டன்:

கடல்மல்லி, படித்தேன். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களை எழ வைத்த அந்த ‘உங்களுக்குள் உறங்கும் பெண்மை’ என்ற வரியைப் பார்த்துத்தான் நானும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.

இரண்டாவது பிள்ளை சிசேரியன். அதற்கப்புறம் ஒரு வருஷம் கண்ணாடி முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை. வயிறு தொங்குகிறது, தழும்பு இருக்கிறது. ஜிம்முக்குப் போனால் அந்த வயிற்றை எப்படி ஒழிப்பது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். இங்கே வந்தால் அதே வயிற்றை வைத்து ஒரு டீச்சர் எட்டுப் போடச் சொன்னார். அறுபது வயசுக்காரி, குண்டான பெண், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்து வந்தவர், எல்லோரும் ஒரே வரிசையில். வாழ்க்கையில் முதல் தடவையாக என் இடுப்பைப் பற்றி யாரும் குறை சொல்லாத ஒரு மணி நேரம் அது. அழுதிருக்கிறேன். அந்த விளம்பரம் பொய்யாகவே இருக்கட்டும், எனக்குக் கிடைத்தது பொய் இல்லை.

கடல்மல்லி:

அக்கா, உங்களுக்குக் கிடைத்ததை ஒரு நாளும் மறுக்க மாட்டேன். எங்கள் வகுப்பிலும் அதையே பார்க்கிறேன். 1970களில் கலிபோர்னியாவில் இந்த வகுப்புகள் பெருகியதற்கும் அதுதான் காரணம். பெண்ணிய இயக்கம் சூடாக இருந்த நேரம், பெண்கள் தங்கள் உடம்பைத் தங்களுக்காகத் திரும்பக் கேட்ட நேரம். ‘ஆண்களுக்காக ஆடுவது’ என்ற பழியைத் துடைக்கத்தான் ‘தாய்த்தெய்வ வழிபாடு’, ‘பிரசவத்துக்கான புராதன ஆட்டம்’ என்ற கதைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஐயாயிரம் வருஷத்துக்கு ஆதாரம் கிடையாது. இன்று மேடையில் பார்க்கிற ரக்ஸ் ஷர்க்கிக்கு வயசு நூறுதான். 1926ல் பதியா மசாப்னி என்ற பெண் கெய்ரோவில் ஒரு கேளிக்கை அரங்கைத் திறந்தார். தஹியா காரியோகா, சாமியா கமால் போன்ற பெயர்பெற்ற நடனக்காரிகள் எல்லாம் அங்கே வளர்ந்தவர்கள். பெரிய மேடைக்காக ஆட்டம் விரிந்தது, கையை உயர்த்தி ஆடினார்கள், பாலேயிலிருந்தும் லத்தீன் ஆட்டங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். மணி கோத்த இரண்டு துண்டு உடையும் அந்தக் காலத்தில் பரவியதுதான்.

ஒரு பெண் தன் பணத்தில் அரங்கம் கட்டி, நடனக்காரிகளை வளர்த்து, ஒரு கலையை மேடை ஏற்றியிருக்கிறார். இந்தக் கதை நம் கையில் இருக்கும்போது பெயரில்லாத தேவதை எதற்கு அக்கா? தேவதை வந்தால் பதியா மறைந்துபோகிறார். அது எனக்கு வலிக்கிறது.

நெய்தல்:

இது புரிகிறது. பதியாவின் பெயரை என் டீச்சர் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட சொன்னதில்லை. இன்று ராத்திரி தேடிப் படிக்கிறேன்.

காயல் ரஹீம், ஷார்ஜா:

சகோதரி, நான் கெய்ரோவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். மேற்கத்தியர்கள் மட்டும்தான் இந்தக் கலையைக் கெடுத்தார்கள் என்ற மாதிரி இழை போகிறது. அது முழுக் கதை இல்லை.

எகிப்தியக் கல்யாண வீட்டில் ஆடாத பெண் கிடையாது. பாட்டி ஆடுவாள், ஆறு வயசுப் பிள்ளை ஆடும். ஊர்வலத்தில் மேளத்தோடு நடனக்காரி முன்னால் வருவாள், எல்லோரும் கை தட்டுவார்கள். ஆனால் அதே வீட்டில் “என் மகள் நடனக்காரி ஆகட்டுமா” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். 1834லேயே எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா பொது இடத்தில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து தெற்கே, இஸ்னா பக்கம் அனுப்பிவிட்டார். பிற்காலத்தில் மேடையில் வயிறு தெரியாமல் வலைத்துணியாவது போடவேண்டும் என்று விதி வந்தது. 1959ல் மஹ்மூத் ரிதா தன் நடனக் குழுவை ஆரம்பித்தபோது கிராமிய நடனம் என்றே முன்னால் வைத்தார். அப்படி வைத்ததால்தான் படித்த குடும்பத்துப் பெண்ணான ஃபரிதா ஃபஹ்மி மேடை ஏறவும் நாடே கொண்டாடவும் முடிந்தது. 2003ல் அரசு வெளிநாட்டு நடனக்காரிகளுக்கு உரிமம் தருவதை நிறுத்தியது, அடுத்த வருஷமே திரும்பக் கொடுத்தது. இன்றைக்கும் கெய்ரோ ஹோட்டல்களில் ரஷ்யா, உக்ரைன், பிரேசில் நாட்டுப் பெண்கள் நிறைய ஆடுகிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் தயங்குகிற இடத்தில் அவர்கள் வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்று, நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஆட்டத்தைப் பார்த்தது துபாய் பாலைவனச் சுற்றுலாவில், பிரியாணி தட்டோடு. இந்த ஆட்டம் எமிரேட்டின் சொந்த ஆட்டமே இல்லை. சுற்றுலாப் பயணி எதை எதிர்பார்த்து வருகிறானோ அதை அங்கே கொடுக்கிறார்கள். பரணி அண்ணன் பார்த்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பரணி71:

ஆமாம் தம்பி, அதேதான். 2017ல் மச்சான் கூட்டிக்கொண்டு போனார்.

மிருதங்கம் சுந்தர், சிங்கப்பூர்:

தாளத்தைப் பற்றி ஒரு சொல்கூட நோட்டீசில் இல்லை என்று முதல் பதிவில் வந்ததே, அதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

அவர்கள் ‘தப்லா’ என்பது நம் தபேலா இல்லை. ஒற்றை முகம், குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி உருவம், இடுக்கிக்கொண்டு வாசிப்பது. ‘தர்புகா’ என்றும் சொல்வார்கள். நடுவில் அடித்தால் ‘தும்’, விளிம்பில் அடித்தால் ‘தெக்’. எட்டு அரை மாத்திரைக்குள் ‘தும் தெக் - தெக் தும் - தெக் -’ என்று போனால் மக்ஸூம். இரண்டாவது அடியையும் தும் ஆக்கி ‘தும் தும் - தெக் தும் - தெக் -’ என்றால் பலதி. ‘தும் தெக் - தும் தும் - தெக் -’ என்று நடுவில் இரட்டைத் தும் வந்தால் சயீதி, தெற்கு எகிப்தின் கம்பு ஆட்டத்துக்கு உரியது. மூன்றுக்கும் எட்டே அடி. ஒரு தும் இடம் மாறினால் ஊரே மாறிவிடுகிறது! பத்து எண்ணிக்கையில் ஸமாயி என்று ஒன்று உண்டு, 3+2+2+3. நம் கண்ட நடையில், அதாவது ஐந்து எண்ணிக்கையில், பழகிய கைக்கு அந்தப் பிரிப்பு பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது.

இடுப்பு இறங்குவது தும்மில். அதிர்வு வருவது வயலினோ, கானூன் என்கிற கம்பி வாத்தியமோ இழையும் இடத்தில். நடனக்காரி பாட்டைக் கண்ணால் பார்க்கும்படி செய்கிறாள். எட்வர்ட் சைத், மேற்கு கிழக்கை எப்படிக் கற்பனை செய்தது என்று ‘ஓரியண்டலிசம்’ நூலில் எழுதிய அதே சைத், சின்ன வயசில் கெய்ரோவில் தஹியா காரியோகாவைப் பார்த்ததை 1990ல் ஒரு கட்டுரையாக எழுதினார். எவ்வளவு அசைகிறாள் என்பதில் இல்லை, எவ்வளவு குறைவாக அசைகிறாள் என்பதில்தான் அந்தக் கலை இருக்கிறது என்கிறார். மிருதங்கத்தில் விடுகிற இடைவெளியைப் பற்றி என் குருநாதர் இதையேதான் சொல்வார். மேற்கத்திய விளம்பரத்தில் இந்தக் குறைவு எங்கேயும் வருவதில்லை.

நோட்டீசில் வாத்தியக்காரர் பெயரைப் போடுங்கள் அம்மா. நேரடி வாசிப்பு உண்டா?

ஈழத்துக்குயில், ஒஸ்லோ:

அக்கா, நான் இரண்டு விசயம் கேக்க வேணும்.

ஒன்று: 2020 சூப்பர் பௌல் எண்ட அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியிலை பாடகி ஷகீரா கமெராவுக்கு முன்னாலை நாக்கை ஆட்டி ஒரு சத்தம் போட்டவா. இங்கத்தைய பிள்ளையள் எல்லாம் அதைக் கேலிப்படமாக்கிப் போட்டவை. அம்மா பார்த்திட்டு “இது குலவையெல்லோ” எண்டா. அரபியிலை ஸக்ரூத்தா எண்டு பெயராம், கலியாண வீட்டிலை சந்தோசத்துக்குப் போடுறது. ஷகீராவின்ரை அப்பாவின்ரை பெற்றோர் லெபனானிலை இருந்து போனவையாம். நோர்வேக்காரருக்கு விளங்காதது அம்மாவுக்கு ஒரு நொடியிலை விளங்கினது.

இரண்டு: ரண்டா ஜரார் எண்ட பலஸ்தீன வேர் உள்ள அமெரிக்க எழுத்தாளர் 2014இல ‘சலோன்’ தளத்திலை ஒரு கட்டுரை எழுதினவா. வெள்ளைக்காரப் பெண்கள் இந்த ஆட்டத்தை ஆடுறதை தன்னாலை பொறுக்க ஏலாது எண்டு. பெரிய சண்டை வந்தது. அப்பிடிப் பார்த்தால் நீங்களும் அரபிப் பெண் இல்லைத்தானே? ஆடலாமோ? குத்திக் கேக்கேல்லை அக்கா, எனக்கும் படிக்க ஆசை, அதுதான்.

கடல்மல்லி:

குயில், இதே கேள்வியை முதல் வருஷம் டீச்சரிடம் நானே கேட்டேன். அவர் சொன்னது: “ஆடு. ஆனால் எந்தப் பாட்டுக்கு ஆடுகிறாய் என்று தெரிந்துகொண்டு ஆடு.” அதற்குப் பிறகு, அரபிப் பாட்டின் வரிகளுக்கு அர்த்தம் எழுதிக்கொண்டு வராமல் எந்தப் பாட்டுக்கும் எங்களை ஆட விட்டதில்லை. துக்கப் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு ஆடிய ஒரு மாணவியை நிறுத்தி, அருகில் உட்காரவைத்து, வரிவரியாகச் சொன்னார்.

ஜராரின் கட்டுரையை நானும் படித்தேன். எல்லாவற்றையும் ஏற்க முடியவில்லை, ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. வெளியூரில் நம் அம்மாவின் புடவையை வேஷமாகக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் நமக்கு என்ன தோன்றும்? அதே சமயம் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களில் உண்மையாக உழைத்தவர்களும் இருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஜமீலா சலிம்பூர் அசைவுகளுக்குப் பெயர் வைத்துப் பாடமாக்கினார், 1968ல் ஒரு குழுவும் ஆரம்பித்தார். 1987ல் கரோலினா நெரிச்சியோ தொடங்கிய குழு, பெண்கள் ஒருவருக்கொருவர் சைகை கொடுத்து அந்த இடத்திலேயே கோத்து ஆடும் ஒரு புது வடிவத்தை உருவாக்கியது. அதற்கு ‘அமெரிக்கப் பழங்குடிப் பாணி’ என்று பெயர் இருந்தது. ‘பழங்குடி’ என்ற சொல் யாருடையது என்ற கேள்வி எழுந்து 2020ல் அந்தப் பெயரையே விட்டார்கள். ஒரு பெயரில் தப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் மாற்றினார்கள் பாருங்கள், அது எனக்குப் பெரிய மரியாதை.

இன்னொரு பக்கம் 2002ல் மைல்ஸ் கோப்லாண்ட் என்ற ராக் இசை மேலாளர் ‘பெல்லிடான்ஸ் சூப்பர்ஸ்டார்ஸ்’ என்று குழு சேர்த்து ஊர் ஊராக அழைத்துப் போனார். பெரிய அரங்கம், நல்ல ஒளி. ஹோட்டல் மூலையிலிருந்து ஆட்டம் வெளியே வந்தது. ஒல்லியான இளம் உடம்புகளையே முன்னால் நிறுத்தினார்கள் என்று சங்கடப்பட்டவர்களும் உண்டு. நெய்தல் அக்கா சொன்ன அந்த வரிசைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசிக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், வேறு எங்கேயும் சொன்னதில்லை. போன வருஷம் ஒரு உணவகத்தில் டீச்சருக்குத் துணையாக ஆடினேன். சுவரில் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து என் இடுப்புப் பட்டையில் பணத்தைச் செருகினார். கை அங்கேயே நின்றது. எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. டீச்சர் ஆட்டத்தை விடாமலே என் பக்கம் திரும்பி, அவர் கையை எடுத்து, பணத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்தார். முடிந்ததும் உணவக முதலாளி “வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார்” என்று பேசிய கூலியில் பாதிதான் தந்தார். அடுத்த வாரம் அதே இடத்தில் அதைவிடக் குறைந்த காசுக்கு வேறொரு குழு. அந்தப் பெண்களுக்கு வகுப்பு முடிந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, ஆசைக்கு ஆடுகிறார்கள். டீச்சருக்கு அது வாடகைப் பணம்.

‘அந்தப்புரத்தின் ரகசியம்’ என்று எழுதினால் அந்தக் கை வரும் பரணி அண்ணா. அதுதான் என் பயம்.

சுந்தர் ஐயா, ஆம், நேரடி தப்லா உண்டு.

சித்தன்னவாசல், கடலூர்:

நான் இந்த இழையை வாசிக்க மட்டும் வந்தேன். எங்கள் ஊர்ச் சம்பந்தம் ஒன்று நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

1838ல் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகளை ஒரு பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டு பாரிசுக்குக் கூட்டிப்போனார். வாத்தியக்காரர்களும் உடன் போனார்கள். அம்மணி என்ற பதினெட்டு வயசுப் பெண் அதில் முக்கியமானவர். பாரிசிலும் லண்டனிலும் ஆடினார்கள். அங்கே அவர்களுக்கு வைத்த பெயர் ‘பயதேர்’. போர்த்துக்கீசியரின் ஒரு சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது, வெறுமனே ஆடுகிறவள் என்று அர்த்தம். பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அம்மணியைப் பற்றி உருகி எழுதினார், தோலின் நிறம், கண், நகை என்று. ஒரு சிற்பி அவருக்கு வெண்கலச் சிலையும் செய்தார். அவர் ஆடியது எந்தப் பதம், எந்தத் தாளம் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

சிகாகோவுக்கு ஐம்பத்தைந்து வருஷம் முந்தி இது. நம் சதிரை, அதாவது பரதநாட்டியத்தின் முன்வடிவத்தை, நாமே பிறகு என்ன சொன்னோம், எப்படிப் பெயர் மாற்றினோம் என்பது தனி விவாதம், வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எகிப்தியப் பெண்களுக்கு நடந்ததைப் படிக்கும்போது திருவந்திபுரத்துப் பெண்கள் என் கண் முன்னால் வருகிறார்கள்.

பரணி71:

கடல்மல்லி, நான் முதலில் எழுதியது அவசரத்தில் எழுதியது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்த உணவகப் பதிவைப் படித்ததும் மனசு சரியில்லை. தேவதை வேண்டாம், அந்தப்புரமும் வேண்டாம். நேற்று சாமியா கமாலின் பழைய கறுப்பு வெள்ளைப் படக் காட்சி ஒன்றைப் பார்த்தேன். சுந்தர் சொன்ன தும் எங்கே விழுகிறது என்று காதால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வேறு ஆட்டமாகத் தெரிந்தது.

நோட்டீசை எழுதி இங்கே போடுங்கள்.

கடல்மல்லி:

ராத்திரி உட்கார்ந்து எழுதிவிட்டேன். தமிழில் இப்படி:

“ரக்ஸ் ஷர்க்கி. எகிப்தின் மேடை நடனம், கல்யாண வீட்டு ஆட்டம், தெற்கு எகிப்தின் கம்பு ஆட்டம். நூறு வருஷம் முன்பு கெய்ரோவில் பதியா மசாப்னி கட்டிய மேடையிலிருந்து வளர்ந்த கலை. எங்கள் ஆசிரியர் அலெக்ஸாந்திரியாவில் தன் அத்தைகளிடம் ஆடக் கற்றவர். பாடல்களின் பொருள் ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தரப்படும். குழந்தைகளை அழைத்து வரலாம். பிடித்திருந்தால் கை தட்டுங்கள், குலவையிடுங்கள்.”

படத்துக்கு முகத்திரைப் பெண் வேண்டாம், வகுப்பில் எடுத்த படம் போடச் சொல்லியிருக்கிறேன். எல்லா வயசும் உள்ள அந்த வரிசை. ‘பெல்லி டான்ஸ்’ என்ற பெயரைக் கீழே சின்ன எழுத்தில் வைத்தேன், இல்லாவிட்டால் என்ன நிகழ்ச்சி என்றே இங்கே யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

நெய்தல்:

குழந்தைகளை அழைத்து வரலாம் என்ற வரி ஒன்றே போதும், வரக்கூடிய கூட்டம் மாறிவிடும். ‘எந்த உடம்போடும் ஆடலாம், அடுத்த வகுப்பு செப்டம்பரில்’ என்று கடைசியில் சேர்க்க முடியுமா? என்னை மாதிரி ஒருத்தி அந்த வரியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

கடல்மல்லி:

சேர்த்துவிட்டேன் அக்கா, அதே வார்த்தைகளில்.

இன்று வகுப்பில் டீச்சரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். அத்தைகள் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், “தப்லா வாசிக்கிறவன் பெயர் எங்கே?” என்று கேட்டார்.

சுந்தர் ஐயா, மன்னிக்கவும். முதல் வரியிலேயே போட்டாயிற்று.